பத்துக்கு இரண்டு

ஜூன் 11, செவ்வாய்

குழலிக்கு முதுகு வலிக்கிறது போலிருக்கிறது. காலையில் பல் துலக்கக் குனிந்தவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் அதுதான் பெயர்.

கார்குழலி என்று பெயர் வைத்தவள் நான். ஹாக்கி மட்டையைக் கையில் கொடுத்தவர் அவள் அப்பா. யார் ஜெயித்தார் என்பதை அவள் தலைமுடியைப் பார்த்தால் தெரியும்; காது தெரிய வெட்டியிருக்கிறாள். வயது பதினைந்து. போன வருடம் என் தோளுக்கு இருந்தாள், இப்போது நான் அண்ணாந்து திட்ட வேண்டியிருக்கிறது. சீருடை பேண்ட்டில் பிரித்துவிட இனி மடிப்பு இல்லை.

அவள் அப்பா சொன்னார்: "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும். எலும்பு நீளுதுல்ல." அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், ஹாக்கியால் கிடைத்த வேலை. எலும்பைப் பற்றியும் டிக்கெட் எடுக்காதவர்களைப் பற்றியும் அவருக்கு ஒரே குரல்தான்.

செப்டம்பர் கடைசியில் மாநில அணிக்குத் தேர்வு. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்து, இடுப்பை முறுக்கி, ஒரே வீச்சில் கோலுக்குள் எறிவதற்கு டிராக் ஃபிளிக் என்று பெயர். அதைச் சரியாகச் செய்கிற பெண்பிள்ளை கோவில்பட்டி வட்டாரத்தில் குழலி ஒருத்திதான் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் காலண்டர் அந்தத் தேதியோடு முடிந்துவிடுகிறது.

ஜூன் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வார விடுமுறை. மற்ற நாட்களிலும் வாசகர்கள் அதை ஓரளவு கடைப்பிடிக்கிறார்கள்.

இன்று வீட்டில் இருந்ததால் வைத்தியங்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. எதிர்வீட்டு மங்கையர்க்கரசி அக்கா ஒரு தைலம் கொடுத்தார். அவருடைய நாத்தனார் மகன் கட்டியிருந்த இடுப்புப் பட்டையும் வந்தது, அவன் வியர்வையோடு. மேல்வீட்டுக்காரர் மூன்று வாரம் பலகையில் அசையாமல் படுக்கச் சொன்னார். அவர் மின்வாரியத்தில் இருந்தவர்.

சாயங்காலம் அவளுக்குப் பயிற்சி தரும் ராயப்பன் மாஸ்டர் வந்தார். "குனிஞ்சு ஆடுற ஆட்டம்மா இது. முதுகு வலிக்கலன்னா அவ ஒழுங்கா ஆடலன்னு அர்த்தம்" என்றார். காபி கொடுத்தேன். அதை நின்றுகொண்டே குடித்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க அவருக்குக் கொஞ்சம் நேரமாகும்.

ஜூன் 19, புதன்

திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கடைசி முள்ளெலும்பின் பின்பக்கம் மெல்லிய பாலம் மாதிரி ஓர் இடம். அதில் ஒரு பக்கம் விரிசல் விழப் பார்க்கிறது.

"அப்ப இன்னும் விழலைல்ல?" என்றார் இவர், குழலியின் அப்பா. குரலில் ஒரு கோல் போட்ட தெம்பு.

"இதே மாதிரி ஆடிக்கிட்டிருந்தா விழும் சார். ரெண்டு பக்கமும் விழுந்துட்டா எலும்பு முன்னால நகர ஆரம்பிக்கும். அப்புறம் ஹாக்கிங்கிற பேச்சே கிடையாது."

மூன்று மாதம் மைதானம் கூடாது. டிராக் ஃபிளிக் கூடவே கூடாது. ஆனால் படுக்க வைக்கவும் கூடாதாம். எலும்பு வேகமாக வளர்ந்துவிட்டது, அதைத் தாங்கும் தசை இன்னும் வரவில்லை. வயிறு, இடுப்பு, தொடை எல்லாவற்றையும் எடை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்த வேண்டும். ஒழுங்காகச் செய்தால் செப்டம்பர் தேர்வுக்கு ஒருவேளை போகலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் குழலி ஜன்னல் பக்கம், நான் நடுவில், அவர் படியருகே நின்றபடி. "தேர்வுக்குப் போகலாம்னுட்டார்ல" என்று அவர் குழலியிடம் சொன்னார். ஒருவேளை என்ற சொல்லை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஜூன் 24, திங்கள்

பிசியோதெரபிஸ்ட் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண், முப்பது வயது இருக்கும்.

"எடை தூக்குனா வளர்த்தி நின்னுரும்லா மேடம்?" என்றார் இவர்.

"நிக்காது சார். உங்க வீட்டு வாசல்நிலைய வேணா ஒசத்திக் கட்டிக்கிடுங்க."

பிறகு வலிக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. தினமும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் குழலி ஓர் எண் சொல்ல வேண்டும், நான் அதை ஜெசிந்தாவுக்குப் போனில் அனுப்ப வேண்டும். எண்ணைப் பார்த்துத்தான் எடையைக் கூட்டுவாளாம்.

"எத்தனை இருந்தா பாஸ்?" என்றார் இவர்.

"சார், இது பரீட்சை இல்ல."

"சரி மேடம். எத்தனை?"

ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். "ரெண்டு வரைக்கும் இருந்தா அடுத்த எடைக்குப் போலாம். மூணு தாண்டுனா நிறுத்திட்டு எனக்குச் சொல்லணும்."

"ரெண்டு" என்று அவர் குழலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

கிளம்பும்போது ஜெசிந்தா என்னிடம், "உங்களுக்கு எங்கயாச்சும் வலி இருக்காம்மா?" என்றாள். நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். உச்சி முதல் பாதம் வரை எங்கிருந்தும் ஒரு தகவலும் இல்லை. தபால் நின்றுபோன ஊர் மாதிரி இருந்தது. இல்லை என்றேன்.

ஜூலை 3, புதன்

ஊரில் இருக்கும் ஜிம்மில் பெண்களுக்கு நேரம் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் ஊரில் எல்லாப் பெண்களும் சும்மா இருப்பார்கள் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே நூலகம் பூட்டியபின் என் பின்னறையில் செய்கிறோம். எடைக்கு, கெட்டி அட்டை போட்ட பழைய அரசிதழ்த் தொகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவற்றை ஒருவரும் எடுத்ததில்லை. இன்று குழலி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். தொகுதியில் தூசியும் ஒரு நில ஆர்ஜித அறிவிப்பும் கலைந்தன.

தனியாக விட்டால் ஒரே வாரத்தில் நிறுத்திவிடுவாள், நீங்களும் கூடச் செய்யுங்கள் என்று ஜெசிந்தா சொல்லியிருந்ததால் நானும் புடவையை மாற்றிவிட்டுச் சுடிதாரில் படுத்தேன். முதல் பயிற்சிக்குச் செத்த பூச்சி என்று பெயர். மல்லாந்து படுத்து, கைகால்களை மேலே தூக்கி, முதுகைத் தரையிலிருந்து எழும்பவிடாமல் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்ட வேண்டும்.

எனக்கு அது முதல் தடவையே நன்றாக வந்தது.

ஜூலை 12, வெள்ளி

முன்பு நான்கு, பின்பு மூன்று. எடை கூட்டவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 26, வெள்ளி

முன்பு மூன்று, பின்பு இரண்டு. ஜெசிந்தா இரண்டாவது தொகுதிக்கு அனுமதி கொடுத்தாள். பல் துலக்கும்போது குழலி இப்போது எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

"யம்மா, நீ எதுக்கு அந்தப் புத்தகத்த இப்படி இறுக்கிப் பிடிக்க? ஜெசிந்தாக்கா சொன்னதுக்கா, பாசத்துலயா?"

"கீழ விழுந்தா அட்டை பிஞ்சிரும்."

"பிஞ்சா என்ன, யாரு படிக்கப் போறா?"

"அரசாங்கச் சொத்துடீ."

"நானுந்தான் இனிமே அரசாங்கச் சொத்து. தமிழ்நாடு டீம்னு முதுகுல எழுதிருவாங்க." சிரித்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்தாள். முழங்கால்கள் நேராக இருந்தன. மூச்சு சீராக வந்தது. எனக்குத் தொடையில் எங்கோ லேசாக வலித்த மாதிரி இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முன்பு இரண்டு, பின்பு இரண்டு. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மூணுன்னு சொன்னா அந்தம்மா நிப்பாட்டிரும் தாயி. தேர்வுக்கு முன்னால கையில மட்டை படாம போய் நின்னா எவன் எடுப்பான்?"

"வலிச்சா என்னப்பா சொல்ல?"

"எனக்கு வலிக்காத நாள்னு ஒண்ணு இருந்துச்சா? நான் யார்ட்டயும் சொன்னதில்ல. வேலை கிடைச்சுதா இல்லையா? ரெண்டுன்னு சொல்லு. ரெண்டு நல்ல நம்பர்."

தோசை கருகிவிட்டது. புதிதாக ஒன்று ஊற்றினேன்.

எனக்கு மதுரைக்குப் பதவி உயர்வோடு மாறுதல் வந்திருந்தது. குழலியின் பயிற்சியை முன்னிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நூலகத்தில் மின்விசிறி சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். நூலகத்தில் கொடியேற்றினேன். என்னைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள், இருவர் மிட்டாய்க்காக.

சில நாட்களாக விடியும் முன் மொட்டைமாடியில் சத்தம். தடால் என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "மாடியில பூனை நடமாடுது போல" என்றேன் இவரிடம்.

"ஆமா, பூனைதான்" என்றார்.

ஒழுங்கான பூனை. ஒரே இடைவெளி விட்டுக் குதிக்கிறது.

முன்பு இரண்டு, பின்பு இரண்டு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜெசிந்தா நேரில் பார்க்க வேண்டும் என்று அழைத்திருந்தாள். குழலியை எடையோடு உட்கார்ந்து எழச் சொல்லிவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நம்பர் ரெண்டுங்குறா. ஆனா மூச்சப் பிடிச்சுக்கிட்டு இறங்குறா. இடது பக்கமே சாயுறா. போன மாசம் இப்படி இல்லையே." என்னிடம் திரும்பினாள். "வேற ஏதாச்சும் செய்யறாளாம்மா? ஓடுறது, மட்டை பிடிக்கிறது?"

"மைதானத்துக்குப் போகல" என்றேன். இது உண்மை.

குழலி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். பெயர்களை எல்லாம் பிழையில்லாமல் அச்சிட்டிருந்தார்கள்.

ஜெசிந்தா எடையைக் குறைத்தாள். வீட்டுக்கு வந்ததும் இவர், "அந்தம்மாவுக்கு அனுபவம் பத்தாது" என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

துணி உலர்த்த மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கோலுக்குப் பதிலாக ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. மேலெல்லாம் பந்து பட்ட பள்ளங்கள். தரையில் மட்டை உரசி உரசி ஒரு வெள்ளைக் கோடு.

துணியை உலர்த்திவிட்டு இறங்கினேன். பெட்ஷீட் காய இன்னொரு கொடி கட்ட வேண்டும்.

செப்டம்பர் 11, புதன்

இரண்டு. இரண்டு.

செப்டம்பர் 18, புதன்

பள்ளிக்குக் கிளம்பும்போது குழலி கட்டிலில் உட்கார்ந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஷூவும் அவளும் அசையவில்லை.

கீழே உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டேன். ஐந்து வயதுக்குப் பிறகு அவளுக்கு நான் இதைச் செய்ததில்லை. கீழேயிருந்து பார்க்கும்போது முகம் வேறு மாதிரி இருக்கிறது. மேலுதட்டில் வியர்வை. பற்களைக் கடித்திருந்தாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டு."

எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் நெடுநேரம் சிவந்திருந்தது. ஜெசிந்தாவுக்கு இரண்டு என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

தேர்வுக்குப் போகலாமா என்று ஜெசிந்தா இன்று சொல்ல வேண்டும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிடுவார். இவர் லீவு போட்டு, தலைசீவி, ரயில்வே அணியில் ஆடிய காலத்து பிளேசரை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னைக்கு எவ்வளவு குழலி?"

"ரெண்டு."

"நேத்து?"

"ரெண்டு."

"இந்த மாசம் பூரா ரெண்டு, என்ன? எனக்கே வாரத்துல ஒரு நா நாலு வருது." அவள் குழலியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்க."

எனக்கு அந்தக் கணக்கில் பழக்கமில்லை. அடுத்தவர் உடம்புக்கு எண் போடுவது சரியா என்றும் தெரியவில்லை. முந்தின நாள் என் கையைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது.

"ஏழு" என்றேன்.

"ஏய்" என்றார் இவர். "நீ என்ன டாக்டரா?"

"தினமும் காலையில மாடியில ஃபிளிக் அடிக்கிறா" என்றேன். என் குரல் நூலக அறிவிப்பு போலத்தான் இருந்தது.

ஜெசிந்தா எழுந்து வந்தாள். குழலியை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மெதுவாகப் பின்னால் சாயச் சொன்னாள். குழலி கொஞ்சம்தான் சாய்ந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் எங்கள் வீட்டில் யாரும் எழுப்பியறியாதது.

இவர் பிளேசர் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

வீட்டில் இரவுச் சாப்பாடு அப்படியே மீந்தது. மூவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போய் வெகுநாளாகிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மறுபடி ஸ்கேன். விரிசல் விழுந்துவிட்டது. ஆனால் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் தாங்கிக்கொண்டிருக்கிறது. எலும்பு கூடிவிடும், ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். இந்த வருடத் தேர்வு இல்லை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் எந்த வருடத் தேர்வும் இருந்திருக்காது என்றார். அதை இவரைப் பார்த்துச் சொன்னார். இவர் படத்தை வாங்கி, டிக்கெட்டைச் சரிபார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

குழலி ஐந்து நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று பேசினாள்.

"பூனைன்னு சொன்னியாமே அப்பாட்ட."

"ஆமா."

"ஒனக்கு அப்பவே தெரியும்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் சரியாயிருக்கும். இல்லன்னா கடைசி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும், ஆடிட்டாவது வந்திருப்பேன். ரெண்டும் இல்லாம நடுவுல சொல்ற? யாரும்மா உன்னைக் கேட்டா?"

"ஜெசிந்தா கேட்டா."

"அவ கேட்டாத்தான் சொல்லுவியா?"

வெங்காயம் வேண்டிய அளவுக்கு மேலேயே உரித்துவிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்றைக்குத் தேர்வு. மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று ராயப்பன் மாஸ்டர் கேட்டதால் இவர் போயிருக்கிறார். விடிகாலையில் மாடிக்குப் போய்ப் பலகையைக் கீழே இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார். நான் கேட்கவில்லை. அதைத் தூக்கி வந்தபோது ஒவ்வொரு படியிலும் நின்றார்.

குழலி, "நூலகச் சாவிய எடு" என்றாள். அவ்வளவுதான். நடந்தே போனோம். அவள் முன்னால், நான் பின்னால்.

பின்னறையில் பாய் விரித்தோம். முதலிலிருந்து என்பதால் எடை கிடையாது. தொகுதிகள் அலமாரியிலேயே இருந்தன.

"எவ்வளவு?" என்றேன்.

"அஞ்சு. அனுப்பு."

அனுப்பினேன். செத்த பூச்சி செய்தோம். பக்கவாட்டில் முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பதையும் செய்தோம். நான் பாதியில் தொங்கிவிட்டேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அவள் போன் அடித்தது. அவள் அப்பா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"முடிஞ்சுது தாயி. விருதுநகர்ப் பிள்ளைய எடுத்திருக்காங்க ஃபிளிக்குக்கு."

"எப்படி அடிச்சா?"

அந்தப் பக்கம் ரயில் சத்தம். "நல்லாத்தான் அடிச்சா. ஒன்ன மாதிரி இல்ல."

"சரிப்பா."

"ஏத்தா."

"என்னப்பா?"

"ரெண்டுன்னு சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார்.

குழலி போனைப் பாயில் கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். வாயைப் பொத்தவில்லை. சத்தமாக, மைதானத்தில் கத்துவது போல, வாசிப்பறை முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அழும்போதும் முதுகை வளைக்காமல் நேராக வைத்திருந்தாள். பயிற்சி வீண்போகவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையை அவள் முதுகில் வைத்தேன், அந்த இடத்தைத் தவிர்த்து, கொஞ்சம் மேலே. தட்டிவிடவில்லை. எனக்கு இரண்டு தோளும் தொடையும் இடுப்பும் வலித்தன. எண் போட்டால் ஆறு வரும்.

அமைதி காக்கவும் என்று நான்தான் பலகை எழுதி வாசிப்பறையில் மாட்டியிருக்கிறேன். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. விடுமுறை நாளில் அது யாரையும் கட்டுப்படுத்தாது.